விடுப்பில் போனவர் கொடுத்த ஒப்புதல்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பொருள் வாங்கும் கோரிக்கைகளுக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தோம். எழுத்தர், மேலாளர், கணக்குப் பிரிவு என்று மூன்று கை மாற வேண்டிய வேலை. விற்க வந்தவர் நான்கு நிமிடத்தில் முடித்துக் காட்டினார். மயங்கிவிட்டோம்.

இரண்டாவது வாரமே மேலாளர் விடுப்பில் போனார். கோரிக்கை அவர் பெயரில் அப்படியே நின்றது. பொறுப்பை வேறொருவருக்கு மாற்றும் வசதி இல்லாமல் இல்லை. ஆனால் அதையும் அவரே உள்நுழைந்துதான் செய்ய வேண்டுமாம்! கடைசியில் தொலைபேசியில் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, எழுத்தரே ஒப்புதல் கொடுத்தார். யார், எப்போது ஒப்புதல் தந்தார் என்று காட்டத்தான் அந்த மென்பொருளை வாங்கினோம். அதில் பதிவான முதல் பொய் அதுதான்.

தவறு மென்பொருளுடையது மட்டுமல்ல. எங்கள் நடைமுறைக் கையேட்டில் மூன்று படிகள்தான் இருந்தன. பிறகு ஒரு நாள் முழுவதும் எழுத்தரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விலைப்புள்ளி காலாவதியானால் என்ன செய்வது, தொகை தவறாக இருந்தால் யாருக்குத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருந்தன. உண்மையான பணிமுறை அந்த நோட்டில்தான் இருந்தது.

பணி ஓட்டத்தை வரைய பிபிஎம்என் என்ற குறியீட்டு முறை இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இதில் வரைந்தால் நாளை வேறு மென்பொருளுக்கு எளிதாக மாறிவிடலாம் என்பார்கள். பாதிதான் உண்மை. படம் போய்ச் சேரும். படிவங்களையும், மற்ற மென்பொருள்களோடு உள்ள இணைப்புகளையும் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். பழைய பதிவுகளை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். நாலைந்து பேர் செய்யும் வேலைக்கு எக்செல் போன்ற விரிதாளே போதும் என்பது என் கருத்து. விற்பவர்களுக்கு இது பிடிக்காது.

அடுத்த முறை மூன்று நிறுவனங்களை அழைத்தோம். இரண்டு முறை திரும்பி வந்த பழைய கோப்பு ஒன்றைக் கொடுத்து, மேலாளர் விடுப்பில் இருப்பதாக வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டச் சொன்னோம். ஒருவர், அடுத்த பதிப்பில் வரும் என்றார். இன்னொருவர் தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான். மூன்றாமவர் இருபது நிமிடம் திணறினாலும் முடித்துக் காட்டினார். திரை பார்க்கச் சுமார்தான். அதையே வாங்கினோம்.

நன்றி, வணக்கம்.