சாவி யாரிடம் இருக்கிறது?

(குடியாத்தத்தில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

"இப்ப எல்லார் கையிலயும்தான் போன் இருக்கே சார், இதுல என்ன ஏற்றத்தாழ்வு?" என்று மேடையேறும் முன் நண்பர் ஒருவர் கேட்டார். போன் இருக்கிறது. யார் கையில், எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்களே, அப்போது நான் ஆசிரியர். பிறகு வாட்ஸ்அப்பில் காலை பத்து மணிக்குப் பாடம் அனுப்புவேன். பதில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வரும். அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். இரவில் முதலில் அண்ணன், அப்புறம் தம்பி. தங்கச்சி முறை வரும்போது சார்ஜும் இருக்காது, அன்றைய ஒன்றரை ஜிபியும் இருக்காது.

2017-18இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், இந்தியக் கிராமங்களில் 100 வீட்டுக்கு 4 வீட்டில்தான் கணினி இருந்தது; நகரங்களில் 23. அதன்பின் போன் பெருகிவிட்டது, மறுக்கவில்லை. போனில் படம் பார்ப்பது வேறு, விசைப்பலகையில் பத்து வரி அடிப்பது வேறு.

பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் அது இணையத்தில் நடக்கிறது. சென்னைக்குப் பஸ் ஏறும் செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் விருப்பப் பட்டியலை யார் போடுகிறார்கள்? வீட்டில் கணினி உள்ள பையன் அப்பாவோடு உட்கார்ந்து கல்லூரிகளை மாற்றி மாற்றி அடுக்குகிறான். பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வந்த பெண் பிரவுசிங் சென்டரில் நிற்கிறாள். பின்னால் இன்னும் எட்டுப் பேர். "சீக்கிரம் சொல்லும்மா" என்கிறார் கடைக்காரர். கடைசியில் வரிசையை அவரே போட்டுவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அது வியாபாரம். நாலு வருஷப் படிப்பு பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடுகிறது. அரசு உதவி மையம் இருக்கிறதே என்பீர்கள். அப்படியொன்று இருப்பதைச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டுமே!

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அக்கா வாங்கி வந்த பெட்டியில் தட்டச்சுப் பழகிய தம்பிகளை எனக்குத் தெரியும்.

என் ஆதங்கம் வேறு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கணினி அறை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் துணி உறை, கதவுக்குப் பூட்டு. பழுதானால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்தில் நானும் பூட்டியிருக்கிறேன், ஒளிக்கவில்லை. பழுதுக்கு ஆசிரியர் சம்பளத்தில் கைவைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பூட்டு தானாகத் திறக்கும்.

பள்ளி விட்டபின் மாலை ஆறரை வரை கணினி அறை திறந்திருக்க வேண்டும், பழுதுச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு ஒரு மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவும் நானே கொண்டுவந்திருக்கிறேன்.