செட்டிநாடு: உச்சி வெயிலில் எங்கே இருக்க வேண்டும்?

[காட்சி: காரைக்குடி பேருந்து நிலையம், விடிந்து சற்று நேரம்]

வணக்கம். செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, எது பக்கம், எது தூரம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அங்கிருந்து பிள்ளையார்பட்டி கூப்பிடு தூரம். கணக்கில் எடுக்க வேண்டியவை இரண்டுதான்: கோயில் நடை எப்போது சாத்துவார்கள், வெயில் எப்போது உச்சிக்கு வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சென்னையிலிருந்து வந்த உறவினர்களுக்குக் காலையில் வீடுகளைக் காட்டிவிட்டு, மதியம் ஒரு மணிக்கு ஒரு கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். நடை சாத்தியிருந்தது. மூன்று மணி நேரம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

[காட்சி: பிள்ளையார்பட்டிக் குளம், பின்னால் குன்று]

ஆகவே காலையில் கோயில். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் குன்றைக் குடைந்து அதே பாறையில் செதுக்கிய திருமேனி. சுமார் ஆறடி உயரம், வடக்குப் பார்த்த முகம், வலப்பக்கம் சுழித்த துதிக்கை. கைகளை எண்ணிப் பாருங்கள், இரண்டுதான். நாம் வழக்கமாக வணங்கும் பிள்ளையாருக்கு நான்கு கைகள் இருக்கும். இங்கே இரண்டாக இருப்பதே இவருடைய பழமையைச் சொல்கிறது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் இதுவும் ஒன்று. விநாயகர் சதுர்த்தியையொட்டி வந்தால் கூட்டத்துக்குத் தயாராக வாருங்கள்.

திரும்பும் வழியில் குன்றக்குடி. படி ஏறினால் மயில் மேல் அமர்ந்த சண்முகநாதர். பெரிய மருதுவின் முதுகில் வந்த பிளவைக் கட்டி இந்தக் கோயில் திருநீற்றால் ஆறியது என்றும், அதனால்தான் மருது சகோதரர்கள் இங்கே திருப்பணி செய்தார்கள் என்றும் இந்தப் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது.

[காட்சி: கானாடுகாத்தான் தெரு. நிழலே இல்லை]

மணி பன்னிரண்டு. சாலையில் கால் வைக்க முடியாது. வீடுகளுக்குள் போக வேண்டிய நேரம் இதுதான். கானாடுகாத்தான் வீடுகளைக் காலைக் குளிரில் பார்த்தால் தூணும் கண்ணாடியும் மட்டுமே கண்ணில் படும். உச்சி வெயிலில் உள்ளே நுழைந்தால்தான் வீட்டின் சூட்சுமம் உடம்புக்குப் புரியும்.

[காட்சி: முகப்பிலிருந்து நேராக உள்ளே நகரும் கேமரா]

முகப்பில் திண்ணை. கதவைத் தாண்டினால் வளவு, அதாவது வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் பத்தி என்னும் தாழ்வாரமும் அறைகளும். அதன்பின் இரண்டாங்கட்டு, அடுப்படி. பின்வாசல் திறப்பது அடுத்த தெருவில். முன்வாசலில் நின்றால் கடைசிக் கதவின் வெளிச்சம் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். அந்த நேர்கோட்டில்தான் காற்று ஓடுகிறது. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்து இழைத்த பூச்சு அது.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்கு ஆளுக்கு ஒன்று. அவை பெரும்பாலும் சீர்ப் பொருட்களைப் பூட்டி வைக்கத்தான். படுக்கை எல்லாம் வெளியே பத்தியில். இத்தனை பெரிய வீடுகளுக்கும் பணம், நகரத்தார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் செய்த வட்டித் தொழிலிலிருந்து வந்தது. அப்படிக் கடல் கடந்து தொழிலுக்குப் போனதை ‘கொண்டுவிக்கப் போனார்கள்’ என்பது இங்குள்ள பேச்சு. தூண்களுக்குத் தேக்கும் பர்மாவிலிருந்தே வந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் முறிந்தது.

ஒன்றை மனத்தில் வையுங்கள். இவை அருங்காட்சியகங்கள் அல்ல. ஒரே வீடு பல பங்காளிகளுக்குப் பொதுச்சொத்து. ஆளுக்கு ஒரு நாட்டில் இருப்பார்கள், சாவி காவல்காரரிடம் இருக்கும். அவர் திறந்தால் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். இரண்டு வீடு போதும். நான்காவது வீட்டில் எல்லாத் தூணும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

[காட்சி: ஆத்தங்குடி, கல் போடும் கொட்டகை]

அடுத்தது ஆத்தங்குடி. அங்கே பெரிய வீட்டைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் வீட்டைவிட, அதன் தரையில் பதிக்கும் டைல்ஸ் கல்லைச் செய்யும் கொட்டகையில் அதிக நேரம் நிற்பேன்.

ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. கைவினைஞர் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சைச் செங்குத்தாகத் தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை அழுத்தி நிரப்புகிறார். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வரும்போது கண்ணாடி பட்ட முகம் கண்ணாடியாகவே மின்னுகிறது. சூளை கிடையாது, மெருகு இயந்திரம் கிடையாது. இந்தக் கல் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் என்பார்கள்.

[காட்சி: திருமயம் கோட்டை, சாய்ந்த வெயில்]

நான்கு மணிக்கு மேல் திருமயம். 1687-ல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. மதியம் ஏறினால் பாறை உள்ளங்காலைச் சுட்டுவிடும், மாலையில் மேலே நல்ல காற்று. அடிவாரத்தில் ஒரே குன்றைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பாம்பணைக்கு மேலே பாறை முழுக்கத் தேவர்களும் முனிவர்களும். ஆதிசேஷன் கக்கும் நஞ்சுத் தீக்கு அஞ்சி ஓடும் மது, கைடபர் என்ற அசுரர்கள் ஒரு மூலையில்.

இரவுச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி. ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டிய உலகத்துக் கடைகள் எல்லாம் காரத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. இங்கே வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் கேளுங்கள். கவுனி கறுப்பரிசி, ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்துத் தருவார்கள்.

[காட்சி: வேட்டங்குடிக் கண்மாய், நாரைக் கூட்டம்]

இன்னொரு நாள் கையில் இருந்து, மாதமும் கார்த்திகை, மார்கழி என்றால், சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் போங்கள். 1977 முதல் சரணாலயம். அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புத்தாடை, பலகாரம் எல்லாம் உண்டு, சத்தம் மட்டும் கிடையாது. நீங்களும் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, கண்மாய்க்கரை வரை நடந்தே போங்கள்.