ஒரே தராசு போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, வணக்கம். கைக்காசு போட்டு எடுக்கிற சின்னப் படங்களைப் பெரிய கம்பெனிப் படங்களோடு ஒரே தராசில் நிறுத்தலாமா என்பது இன்றைய தலைப்பு. நிறுத்தத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணி அண்ணாச்சி உருக்கமாகப் பேசினார். "பாவம், காசில்லாத பிள்ளைகள், கொஞ்சம் பார்த்து மார்க் போடுங்கள்" என்றார். அந்தப் 'பாவம்'தான் எனக்கு ஆகாது.

என் அண்ணன் மகன் குறுக்குத்துறைப் படித்துறையில் வைத்து செல்போனில் ஒரு குறும்படம் எடுத்தான். ஆச்சியும் பேரனும் பேசுகிற ஒரே ஒரு காட்சி. எங்கள் அம்மாதான் ஆச்சி. போட்டுப் பார்த்தால் ஆற்றங்கரைக் காற்றுதான் பேசுகிறது, அம்மா வாயை மட்டும் அசைக்கிறாள். வீட்டில் எல்லாரும், "செல்போன்ல எடுத்ததுக்கு இது போதும்லா" என்று கைதட்டிவிட்டார்கள். நான் மட்டும், "ஏலே, ஆச்சி பேசுனது ஒண்ணுமே கேக்கலையே" என்றேன். இரண்டு நாள் என் முகத்தில் முழிக்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி படித்துறைக்குப் போனான். இன்னொரு செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு ஆச்சியின் இடுப்பில் செருகினான். ஷாட் தொடங்கும்போது பலமாக ஒரு கைத்தட்டு. எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை அடையாளம் வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திவிட்டான். கூடுதல் செலவு? ஒரு பைசா கிடையாது!

சரி, ஒரே தராசு என்றால் ஹெலிகாப்டர் எத்தனை பறந்தது என்று எண்ணுவதா? அது சினிமாவை நிறுப்பதல்ல, பில்லை நிறுப்பது.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராயை எடுத்துக்கொள்ளுங்கள். 'பதேர் பாஞ்சாலி' அவருக்கு முதல் படம். கேமராமேன் சுப்ரத மித்ராவுக்கு வயது 21, அதற்கு முன் சினிமா கேமராவையே இயக்கியதில்லை. ராயின் மனைவி நகை அடகுக் கடைக்குப் போனது. முதல் நாள் நாணல் பூத்த வெளியில் பாதிக் காட்சியை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது! நம்ம ஆளாக இருந்தால், "பட்ஜெட் படம்தானே, மொட்டை வெளியிலேயே எடுத்துருவோம்" என்றிருப்பார். ராய் அடுத்த பூவுக்கு ஒரு வருடம் காத்திருந்தார். சலுகையை அவர் தனக்கே கொடுக்கவில்லை அண்ணாச்சி! 1956-இல் பிரான்சில் நடந்த கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியபோதும், ஏழைப் படம் என்று யாரும் அதற்குத் தனிப் பந்தி போடவில்லை.

உண்மையில் இன்று சலுகை யாருக்குப் போகிறது? பெரிய படத்துக்குத்தான்! இடைவேளைக்கு அப்புறம் கதையே இல்லை. வெளியே வந்து, "இருந்தாலும் மேக்கிங் பிரமாண்டம்ல" என்கிறோம். கோடிக்கணக்கில் கொட்டியவனுக்குப் பிரமாண்டம் என்று கழிவு, இல்லாதவனுக்குப் பாவம் என்று கழிவு. அப்படியென்றால் முழு விலைக்கு யார் சரக்கு கொடுப்பது?

மணியைத் தொட்டுவிட்டீர்கள் நடுவரே, ஒரு நிமிடம். இரண்டாவது தடவை எடுத்ததில் ஆச்சி பேசியது கேட்டது. வெளியூர் போகிற பேரனிடம், ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "தண்ணி வருசா வருசம் வந்துரும்லே, நீ எப்பம் வருவ?"

நன்றி, வணக்கம்.