தொப்பியைக் கேட்ட பெண்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களின் பழைய சமூகத்தில் ஓர் ஆணின் மதிப்பு நின்றது அவன் கையிலா, பெண்கள் கையிலா? எதிரணி நண்பர் இக்கெங்கா சிற்பத்தைக் காட்டினார். தலையில் கொம்பு, வலக்கையில் வெட்டுக்கத்தி, அவனவன் வலக்கைதான் அவனவனுக்குச் சாமி என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கைக்குப் பெருமை எதனால் வந்தது? யாம் கிழங்கால், அதாவது நம்ம பெருவள்ளிக் கிழங்கு வகை. கொட்டகையில் கம்பு கம்பாகக் கட்டி வைத்த கிழங்கைப் பார்த்துத்தான் ஊர் அவனை ஆள் என்று மதித்தது, அந்த வசதியில்தான் விருந்து போட்டு ஓசோ என்ற மரியாதைப் பட்டமும் வாங்கினான். அந்த யாம் வயலில் களை பறித்தது பெண்கள். கிழங்கு தீர்ந்த மாதங்களில் சேப்பங்கிழங்கையும் மரவள்ளியையும் வைத்து வீட்டில் உலை ஏற்றியதும் அவர்கள்தான். ஆனால் அதெல்லாம் பெண் பயிராம், பெருமைக் கணக்கில் சேராதாம்! எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்களா? மனைவியை அடித்தவன், சந்தைக் கட்டுப்பாட்டை மீறியவன், பெண்களின் பயிரில் மாட்டை மேயவிட்டவன் வீட்டு முன்னால் கூட்டமாக வந்து நிற்பார்கள், ‘ஆண் மேல் உட்காருவது’ என்று அதற்குப் பெயர். யாம் இடிக்கும் உலக்கையால் சுவரில் மொத்திக்கொண்டே, நீயெல்லாம் ஓர் ஆணா என்று பாட்டுக் கட்டிப் பாடுவார்கள், ராத்திரியானாலும் அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நகர மாட்டார்கள். கொட்டகை நிறையக் கிழங்கு இருந்து என்ன செய்ய, அந்தப் பாட்டுக்குப் பிறகு?

1929-ல் ஒலோகோ ஊரில், பிரிட்டிஷ்காரர்கள் நியமித்த தலைவரின் ஆள், பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம் போய் ஆட்டையும் ஆளையும் எண்ணிச் சொல் என்றான். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற பயம் இருந்த நேரம் அது. உன் அம்மாவை எண்ணினார்களா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள், துப்பாக்கிச் சூட்டில் 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தலைவர்களின் வாசலில் நின்று அவர்கள் கேட்டது பதவித் தொப்பியை. பல தலைவர்கள் கழற்றிக் கொடுத்தார்கள், நடுவர் அவர்களே.