மிதித்தால் நிற்கிறதா, மிதித்தால் வருகிறதா?

வணக்கம்.

சத்தத்தைப் பற்றிப் பேச வானொலியை விடப் பொருத்தமான இடம் கிடையாது. பழைய டீசல் ஜீப் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்தால், பெரும்பாலும் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். "கர்ர்ர்னு வருது", "உய்ய்ங்னு இழுக்குது", "உள்ளே யாரோ கோலிக்குண்டு உருட்டுற மாதிரி இருக்கு". நான் சிரிப்பதில்லை. அதைவிட நல்ல விவரம் எனக்குக் கிடைக்காது. பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: கிளட்சை மிதித்தால் அந்தச் சத்தம் நிற்கிறதா, இல்லை மிதித்தால்தான் வருகிறதா?

பல பேருக்குப் பதில் தெரியாது. ஆனால் கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸும் சேர்ந்தே தொங்கும். இறக்குவது லேசான வேலையில்லை. அதற்கு முன்னால் பத்து நிமிடம் காது கொடுக்கலாம்.

இன்ஜின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது, கால் பெடலில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்கிறதே தவிர, கியர்பாக்ஸுக்குள் பாதி சாமான் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கிளட்ச் பிளேட், அது கோத்திருக்கும் இன்புட் ஷாஃப்ட், அதாவது கியர்பாக்ஸுக்குள் நுழைகிற தண்டு, அது சுழற்றும் லே ஷாஃப்ட் என்கிற பக்கத்துத் தண்டு எல்லாமே சுற்றும். பெடலை முழுக்க மிதித்தால் பிளேட் விடுபடும். இன்புட் ஷாஃப்ட் வேகம் குறைந்து நிற்கும். அதே நேரத்தில், பெடல் தள்ளுகிற ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்திக்கொண்டு பாரம் தாங்கிச் சுற்றும். ஒரு பக்கம் நிற்கிறது, இன்னொரு பக்கம் வேலையைத் தொடங்குகிறது. பெடலை ஒரு சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

இனி வண்டிக்கு வருவோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பெடலில் காலை மெதுவாக வையுங்கள். அழுத்த வேண்டாம், தொட்டால் போதும். தொட்ட மாத்திரத்தில் கிர்ரென்று ஒரு சத்தம் பிறந்தால் அது ரிலீஸ் பேரிங். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவர்களின் வண்டியில் இது சீக்கிரம் வரும். தொடும்போது ஒன்றுமில்லை, முழுக்க மிதித்து முதல் கியர் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சிடுகிறது என்றால் பைலட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உட்கார்ந்து இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்குகிற சின்னச் சாமான் அது. சில வண்டிகளில் உருளும் குண்டுகள் இல்லாத வெறும் வளையம், புஷ்தான். இரண்டு ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றும்வரை அதற்கு வேலையே இல்லை. ஒன்று ஓட, ஒன்று நிற்கும்போதுதான் அது தேயும், கத்தும்.

இங்கே என் மானம் போன கதை ஒன்று. மிதித்தால் கீச்சென்று கத்திய ஒரு வண்டி. ரிலீஸ் பேரிங்தான் என்று அடித்துச் சொல்லி, கியர்பாக்ஸை இறக்கி, புதுசு போட்டு ஏற்றினேன். சாவியைத் திருப்பும் முன்னே சும்மா ஒருமுறை பெடலை மிதித்தேன். கீச். இன்ஜினே ஓடவில்லை, எந்த பேரிங் கத்தும்? டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால், பெடல் தொங்குகிற புஷ் காய்ந்து போயிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய், சத்தம் போச்சு. அன்றிலிருந்து இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு மூன்று தடவை பெடலை மிதித்துக் கேட்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிற கிளட்ச் ஃபோர்க் வறண்டுபோனாலும் இதே போல்தான் கத்தும்.

அடுத்தது, மிதித்தால் நிற்கிற சத்தம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நான்கு சிலிண்டர் டீசல், ஆக்சிலேட்டரைத் தொடாத ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றினால், சிலிண்டர்களில் டீசல் எரியும் அடி நொடிக்கு 25 தடவை விழுகிறது. அந்த அதிர்வில், பாரமில்லாமல் சும்மா சுற்றும் கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு கடகடவென்று சத்தம் போடும். கிளட்சை மிதித்தால் அடங்கிவிடும். இது நோயில்லை, வயசு. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தொட்டு 1,000 சுற்றுக்கு மேலே கொண்டுபோங்கள். கடகட கரைந்துவிட்டால் நிம்மதியாக ஓட்டுங்கள். ஐடிலில் அது ரொம்பவே ஓங்கியிருந்தால் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கலாம். ஆனால் ஆக்சிலேட்டர் ஏற ஏற, சத்தமும் உறுமலாகக் கூடவே ஏறினால் அது பேரிங். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை கியர்பாக்ஸ் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். முன்பக்கமா, அடியிலா, பின்பக்கமா என்று அதுவே சொல்லிவிடும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள்.

மீதியை ரோடு சொல்லும். வண்டியின் நீளவாக்கில் இருக்கிற பழைய கியர்பாக்ஸ்களில் நாலாம் கியர் பெரும்பாலும் நேரடி. இன்புட் ஷாஃப்ட்டும், சக்தியை வெளியே கொண்டுபோகும் மெயின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், லே ஷாஃப்ட் பாரமில்லாமல் சும்மா சுற்றும். ஆக, மற்ற கியர்களில் இழுக்கும்போது உறுமி, நாலாம் கியரில் மட்டும் அமைதியானால், லே ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் கத்தினால் அந்த கியரின் பல். நியூட்ரலில் உருளவிட்டும் சத்தம் போகவில்லை, வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறது என்றால் டிரான்ஸ்பர் கேஸ், அங்கிருந்து ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்ஸில் பக்கம் தேடுங்கள். கிளட்சை விடும்போது ஒரே ஒரு "டொக்" என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கிற கிராஸ் ஜாயின்டை ஆட்டிப் பாருங்கள்.

ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். காந்த பிளக்கில் சாம்பல் நிற மசி இருப்பது சகஜம். தங்கப்பொடி மாதிரி மினுங்கினால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. ஊசிபோல் இரும்புச் சில் வந்தால் பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது. பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆற்றில் இறங்கிய வண்டிதான். மறுபடி ஊற்றும்போது கையேட்டில் போட்டிருக்கிற ஆயிலையே ஊற்றுங்கள். கெட்டியாக ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அமுங்கும், குளிரில் கியர் விழாது, பேரிங் தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஆறு என்றதும் ஞாபகம் வருகிறது. சில ஜீப்புகளில், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும். தண்ணீரில் இறங்கும் முன் அதற்கு பிளக் போட வேண்டும், கரையேறியதும் கழற்ற வேண்டும். போடாமல் இறங்கினால் ரிலீஸ் பேரிங்கும் பைலட் பேரிங்கும் துருப்பிடிக்கும். கழற்ற மறந்தால், கிராங்க் ஆயில் சீல் கசிகிற எண்ணெய் வெளியே சொட்ட வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். அடுத்த தடவை வண்டிக்கு அடியில் படுக்கும்போது அந்த ஓட்டையைப் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.