முற்றத்து மழையை எங்கே அனுப்பினீர்கள்?

(செட்டிநாட்டுப் பழைய மாளிகை ஒன்று விடுதியாகத் திறக்கப்பட்ட விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளிகள் இருக்கும் சீமையில் அத்தனை பேரையும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட வைத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே (அவருக்குத் தனியாக ஒரு கைதட்டல் கொடுங்கள்), மேடையில் இடமில்லாமல் கீழே அமர்ந்திருக்கும் சுற்றுலாத் துறை அதிகாரி அவர்களே, கொத்தனார்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்’ என்பார்கள். செட்டிநாட்டில் கல்யாணம் செய்வதற்காகவே வீட்டைக் கட்டினார்கள். இந்த விடுதியின் முகப்பில் ‘பசுமை உறுதிமொழி’ என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அதையொட்டி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: கட்டடம், தண்ணீர், இங்கே வேலை பார்க்கப்போகிறவர்கள்.

இந்த மாளிகையை இடிக்காமல் விட்டதே பெரிய பசுமைப் பணி. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. சிமெண்ட் சூளைக்கு 1,450 டிகிரி வெப்பம் வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும். அதோடு, பூசிய சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இங்கே விரிசல்களுக்குச் சுண்ணாம்புக் காரையே பூசியிருக்கிறார்கள். சிமெண்டை அப்பியிருந்தால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பழைய காரை உதிர்ந்திருக்கும். கொத்தனார்களுக்கு என் வணக்கம்.

இனித் தண்ணீர். வேறொரு மாளிகை விடுதிக்கு ஒரு முறை போயிருந்தேன், பெயர் வேண்டாம். குளியலறையில் ஓர் அட்டை: ‘துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்.’ நானும் பயபக்தியோடு துண்டை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் தண்ணீர் லாரி! எதற்கு என்று கேட்டேன். முற்றத்து நடுவில் கட்டிய தொட்டியில் தாமரை மிதக்க வேண்டுமாம். அன்று மாலை நல்ல மழை. நாலு பக்கக் கூரையிலிருந்தும் முற்றத்தில் கொட்ட வேண்டிய நீர், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. விருந்தினர் நனையக்கூடாது என்று முற்றத்தின் மேலே கண்ணாடிக்கூரை போட்டிருந்தார்கள். மழை குழாய் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டில் பிறந்த ஆச்சி ஒருவர் பேரனோடு வீட்டைப் பார்க்க வந்திருந்தார். அண்ணாந்து பார்த்தார், மேலாளரைக் கூப்பிட்டார். “தம்பி, கூரையைப் போட்டுவிட்டீர்கள், சரி. மழையை எங்கே போகச் சொன்னீர்கள்?” மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? ஆச்சிக்கு வரவேற்பு பானம் கொண்டுவரச் சொன்னார்!

வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள், அந்த வீட்டுத் தண்ணீர் போய்ச்சேரும் இடத்தையும் பார்த்துத்தான் கட்டினார்கள். ஓட்டில் விழுந்த மழை முற்றத்தில் அண்டாக்களில் நிறைந்தது. மிச்சம் வாய்க்கால் வழியாக ஊர்ப் பொதுக்குளமான ஊருணிக்குப் போனது. வீடும் ஊருணியும் ஒரே கட்டுமானம். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபோதும் செட்டிநாடு தனித்தனி மாளிகைகளாக அல்ல, ஊர்த் தொகுதிகளாகத்தான் போனது.

பலகைக்கு வருகிறேன். ‘பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தரமாட்டோம்’ என்று எழுதியிருக்கிறது. அது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ‘மழைநீர் சேகரிப்போம்’ என்பது அடுத்த வரி. அது 2003 முதல் கட்டாயம். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதை உறுதிமொழி என்று எழுதலாமா? முதலாளி கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருடைய விருந்தை இன்னும் நான் சாப்பிடவில்லை.

எழுத வேண்டிய வரி வேறு: ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மாதம் எத்தனை லிட்டர் எடுக்கிறோம், ஊருணிக்கு எவ்வளவு திருப்பி அனுப்புகிறோம். அந்தக் கணக்கை வாசலில் எழுதிப்போட்டால் நானே வந்து பலகைக்கு மாலை போடுகிறேன்.

ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. பாதித் தூரம் ஆக்கிரமிப்பு. தலைவர் அம்மையார் இருக்கும் மேடை இது, சும்மா இறங்க முடியுமா? வீட்டைக் கட்டிப்பார்த்தாயிற்று, அடுத்து வரத்துக்காலை வெட்டிப்பார்ப்போம். அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, மழைக்காலத்துக்கு முன் தூர்வாரக் கோரும் மனுவை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று சீட்டு வந்துவிட்டது. மனு திண்ணையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள்.