நனைந்த நூலும் நனையாத பட்டும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருக்கும் விடுமுறை நாளில், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், நம்மில் பெரும்பாலோர் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுகிறோம். அப்படித் தள்ளிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். வெயில் நாளில் பத்து இடங்களை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதவர்களாகத் திரும்பி வருகிறோம். மழையோ நம்மை ஓரிடத்தில் ஒதுங்க வைக்கிறது, ஒதுங்கிய இடத்தில் குழந்தை கேள்வி கேட்கிறது, பதில் சொல்ல நமக்கும் அவகாசம் கிடைக்கிறது. அதோடு, அந்த நகரத்தின் வரலாற்றிலேயே மழைக்குப் பெரிய பங்கு உண்டு.

1752 ஜூன் மாதத்தில் அந்த ஊரில் ஒரு தந்தையும் மகனும் மழை வரும் என்று தெரிந்தே வெளியே புறப்பட்டார்கள். தந்தை பெஞ்சமின் பிராங்க்ளின், மகன் வில்லியம். ஓவியங்களில் அந்த மகனைச் சிறுவனாகக் காட்டுவது வழக்கம். உண்மையில் அவர் அப்போது இருபது வயதைக் கடந்த இளைஞர். உயரமான ஓரிடத்திலிருந்து இடிமேகத்தின் மின்சாரத்தை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது பிராங்க்ளினின் எண்ணம். கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் கோபுரம் கட்டி முடியட்டும் என்று காத்திருந்தவர், அது தாமதமாகவே, பட்டம் விடலாம் என்று முடிவு செய்தார்.

அந்தப் பட்டத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தேவதாரு மரக் குச்சிகள் இரண்டைக் குறுக்காகக் கட்டி, அதன்மேல் காகிதத்துக்குப் பதிலாகப் பட்டுக் கைக்குட்டையை விரித்திருந்தார், ஏனென்றால் காகிதம் மழையில் கிழிந்துவிடும். உச்சியில் கூரான கம்பி. கீழே இறங்கிவரும் சணல் நூலின் முனையில் ஒரு சாவி. கையில் பிடித்துக்கொள்ள, அந்த முனையில் முடிந்த ஒரு பட்டு நாடா. மழையில் நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும். நனையாத பட்டு கடத்தாது. ஆகவே நூல் நனைய வேண்டும், நாடா நனையக் கூடாது. அதற்காகத்தான் பட்டத்தை மழையில் விட்டுவிட்டுத் தந்தையும் மகனும் ஒரு கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றார்கள். நெடுநேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு நூலின் தளர்ந்த இழைகள் சிலிர்த்து விறைத்தன, பிராங்க்ளின் விரல் கணுவைச் சாவியருகே கொண்டுபோனார், பொறி பறந்தது. பட்டத்தின்மேல் இடி விழவில்லை, மேகத்தில் இருந்த மின்னேற்றம் மட்டுமே இறங்கியது; விழுந்திருந்தால் இருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இதையொத்த ஆய்வில் ஈடுபட்ட ரிச்மான் என்ற அறிவியலாளர் மின்னல் தாக்கி இறந்துபோனார். இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

இந்தக் கதையின் பிற்பகுதியையும் நான் விட்டுவிட விரும்பவில்லை. அன்று கொட்டகையில் தந்தையின் பக்கத்தில் நின்ற வில்லியம், பின்னாளில் நியூஜெர்சியின் ஆளுநரானார். அமெரிக்கப் புரட்சி வெடித்தபோது பிரிட்டிஷ் மன்னரின் பக்கமே நின்றார். தந்தை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே ஆண்டில் மகன் சிறைப்பட்டார். 1785-இல் இங்கிலாந்தில் ஒருமுறை சந்தித்தும் அவர்களிடையே மனம் ஒட்டவில்லை. மார்க்கெட் தெருவை ஒட்டி இருந்த பிராங்க்ளினின் வீடு 1812-இல் இடிக்கப்பட்டது. இப்போது அவ்விடத்தில் வீட்டின் உருவரையாக எஃகுச் சட்டங்கள் மட்டும் நிற்கின்றன. சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அருகிலேயே நிலத்தடியில் அருங்காட்சியகம் இருக்கிறது. மழை வலுத்தால் அங்கே இறங்கிவிடலாம்.

அங்கிருந்து, விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய விடுதலை மண்டபம் நடந்துபோகும் தூரம்தான். பச்சைத் துணி விரித்த மேசைகள் உள்ள அந்த அவைக்கூடத்தில், 1776 ஜூலை முதல் தேதி, டெலவேரிலிருந்து வந்திருந்த இரு உறுப்பினர்கள் விடுதலைத் தீர்மானத்தில் எதிரெதிர் பக்கம் நின்றதால், அந்தக் குடியேற்றத்தின் வாக்கு எந்தப் பக்கமும் சேராமல் நின்றது. மூன்றாவது உறுப்பினரான சீசர் ராட்னி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருந்தார். முகத்தில் புற்றுநோய் கண்டவர். செய்தி கிடைத்ததும் புறப்பட்டு, இரவெல்லாம் பயணம் செய்து, மறுநாள் வாக்களிக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார். இடியும் மழையும் வழியில் தம்மைத் தாமதப்படுத்தியதாக அவரே தம்பிக்கு எழுதியிருக்கிறார். மழை பெய்யும் நாளில், ஈரக் காலணியோடு அந்தக் கூடத்தின் வாசலில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு ராட்னியைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

தெருவைக் கடந்தால் விடுதலை மணி. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. ஆனால் சோதனைக்கான வரிசை வெளியே நீளும், குடை பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருக்கும். அந்த வரிசையில் சலித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பிலடெல்பியா நாட்டின் தலைநகராக இருந்த 1790-களில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடு நின்ற இடம் அதுதான். அந்த வீட்டில் அவர் ஒன்பது பேரை அடிமைகளாக வைத்திருந்தார். 2010-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தின் சுவரில் அந்த ஒன்பது பெயர்களும் செதுக்கப்பட்டன. வெளி மாநிலத்தவர் கொண்டுவரும் அடிமைகள் ஆறு மாதத்துக்கு மேல் பென்சில்வேனியாவில் தங்கினால் விடுதலை கோரலாம் என்று 1780-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அந்த ஆறு மாதம் நிறைவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி மீண்டும் அழைத்துக்கொள்வது வாஷிங்டன் வீட்டு வழக்கம். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796 மே மாதத்தில், எசமானர்கள் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், அந்த வீட்டைவிட்டு வெளியேறிக் கப்பலேறி நியூஹாம்ப்ஷயருக்குப் போய்ச் சேர்ந்தார். ஆளனுப்பித் தேடியும் அவர் திரும்பவில்லை. சட்டப்படி 1848-இல் இறக்கும்வரை அடிமையாகவே கருதப்பட்டார். ஆனால் எவருக்கும் அடிமையாக வாழவில்லை.

சில அடி தொலைவில் தொங்கும் மணியின்மேல், நாடெங்கும் அதன் குடிகள் அனைவருக்கும் விடுதலையைப் பறைசாற்றுங்கள் என்ற விவிலிய வாக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு விடுதலை மணி என்ற பெயரைப் பரப்பியவர்களும் 1830-களில் அடிமை ஒழிப்புக்குப் போராடியவர்களே. வெளியே நின்ற நேரத்தில் ஓனாவின் வரலாற்றைக் கேட்டுவிட்ட பிள்ளைகள், உள்ளே போனதும் மணியின் புகழ்பெற்ற விரிசலைவிட அந்த வாசகத்தைத்தான் முதலில் தேடுவார்கள். என் பிள்ளைகள் தேடினார்கள்.

மதிய உணவுக்கு ரீடிங் டெர்மினல் சந்தை போதும். பழைய ரயில் நிலையத்தின் கீழே 1893 முதல் இயங்கும் கூரையிட்ட சந்தை அது. மரக்கறி உண்பவர்களுக்கும் குறைவிராது.

பிற்பகலைக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். முன்புறத்துப் பெரிய படிக்கட்டு மழையில் வழுக்கும். முதியவர்களை மேற்கு வாயில் வழியாக அழைத்துச் செல்லலாம். அங்கே, நம்மில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது: மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த ஒரு தூண் மண்டபம். நாயக்கர் காலத்தில், ஏறத்தாழ 1560-இல், கருங்கல்லில் செதுக்கப்பட்டது. 1912-இல் மதுரைக்கு வந்த பிலடெல்பியாப் பெண்மணி அடலைன் பெப்பர் கிப்சன், கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்த தூண்களையும் கற்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919-இல் அவர் இறந்தபின் குடும்பத்தார் அவர் நினைவாக அவற்றை அருங்காட்சியகத்துக்கு அளித்தார்கள். ஒரு கோயிலின் கற்கள் இவ்வாறு விலைபோனது எனக்கு வேதனைதான். அந்த வேதனையையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

தூண்களில் ஆளுயர உருவங்கள் நிற்கின்றன. மேலே இராமாயணக் காட்சிகள் செதுக்கிய பலகைக் கற்கள் இருக்கின்றன. என் அம்மா அண்ணாந்து பார்த்தபடி ஒவ்வொரு காட்சியாகக் கதை சொல்லிக்கொண்டு போனார். குடையிலிருந்து நீர் சொட்ட, பேரப்பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். அங்கே போகிறவர்கள் விளக்கக் குறிப்பைப் படிப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களை முதலில் பேச விடுங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது என்பதால், புறப்படும் முன் அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.